உள்வீட்டு இருட்டில் கட்டிய கம்ப்ரஸர்

ஒலிப்பதிவில் ஏறுகிற சத்தத்தை அமுக்கிச் சமன் செய்கிற பெட்டிக்குக் கம்ப்ரஸர் என்று பெயர். அதில் எல்ஏ-2ஏ என்கிற பழைய பெட்டியின் சர்க்யூட்டைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கனமாக எதையாவது வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து மூன்று நாள் ஒரு கண்டன்சரைத் தேடினேன். அதுவரை நான் பிரித்துப் பார்த்த கம்ப்ரஸர்களில் எல்லாம், சத்தம் கூடினால் எவ்வளவு வேகமாக அமுக்க வேண்டும், குறைந்ததும் எவ்வளவு நேரத்தில் விட வேண்டும் என்பதை முடிவு செய்ய மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற ஒரு கண்டன்சரும் அதன் ஓட்டத்தைத் தடுக்கிற ஒரு ரெசிஸ்டரும் எங்காவது இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பெட்டியின் குணம் பாதி பிடிபட்டுவிடும். இதில் அது இல்லவே இல்லை. கண்டன்சர்கள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை. அப்படியென்றால் இந்தப் பெட்டிக்கு நேரம் எங்கிருந்து வருகிறது? அதைப் புரிந்துகொள்ளாமல் வால்வு (பழைய ரேடியோவில் எரிகிற கண்ணாடிக் குழாய்) வாங்கிப் பிரயோஜனமில்லை என்று அன்றே தோன்றியது.

எனக்கு இது எதற்கு வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் எங்கள் ஐயா கட்டிய வீட்டில் இப்போது இருப்பது அப்பத்தாவும் நாங்களும்தான். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றிய அறைகளில் ஒன்றை ஒலிப்பதிவு அறையாக்கி வைத்திருக்கிறேன். கல்யாணம், சாந்தி என்று இந்தப் பக்கம் நடக்கிற விசேஷங்களில் நாதஸ்வரம் பதிவு செய்வேன், வயதான ஆச்சிகள் பாடுகிற தாலாட்டுகளைப் பதிவு செய்து வைப்பேன். இரண்டிலும் ஒரே தொல்லை. நாதஸ்வரக்காரர் ஒரு பிடியை மெதுவாக இழைத்துவிட்டு அடுத்த நொடி மேல் ஸ்தாயியில் நிற்கும்போது சத்தம் பல மடங்கு ஏறும். மெதுவானது கேட்கிற அளவுக்கு வைத்தால் மேலே உடையும், மேலே உடையாமல் வைத்தால் இழைப்பு காணாமல் போகும். தாலாட்டு இன்னும் கஷ்டம். அப்பத்தா "ராரிராரோ" என்று முதலில் குரலெடுத்துவிட்டு, வரியின் கடைசியில் பிள்ளை தூங்கிவிட்டதுபோலத் தானாகவே குரலை இறக்கிவிடுவார். அந்தக் கடைசிச் சொல்லில்தான் பாட்டு இருக்கிறது. மாமன் பெயர், அவர் கொண்டுவந்த ஊர், கொண்டுவந்த பொருள் எல்லாம் அங்கேதான் வரும். பதிவில் அது மட்டும் விழாது.

கம்ப்யூட்டரில் மென்பொருளாகவே கம்ப்ரஸர் கிடைக்கிறதே என்பார்கள். பயன்படுத்தியிருக்கிறேன், நல்லவை இருக்கின்றன. இந்தப் பழைய பெட்டியை அப்படியே பாவனை செய்கிற மென்பொருளும் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் நிஜப் பெட்டி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. வாங்குவது என்றால் பல லட்சம். கட்டுவது என்றால் புரிந்தாக வேண்டும்.

ஜிம் லாரன்ஸ் என்கிற பொறியாளர் கலிபோர்னியாவில் பாசடேனாவில் டெலிட்ரானிக்ஸ் என்ற கம்பெனி நடத்தினார். அமெரிக்காவின் டைட்டன் ஏவுகணைத் திட்டத்துக்காக ஒளி உணரிகளில் வேலை பார்த்தவர். அந்த அறிவை எடுத்துக்கொண்டு வந்து வானொலி நிலையங்களுக்கான ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வைத்தார். 1960களின் முதல் பாதியில் வந்த எல்ஏ-2ஏ அப்படிப் பிறந்தது. 1967-ல் அந்தக் கம்பெனி ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னம் கைக்குப் போனது. வானொலிக்காகச் செய்த பெட்டியைப் பாட்டுப் பதிவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், இன்றுவரை விடவில்லை.

ஒலிப்பதிவு காரைக்குடிக்குப் புதிதில்லை. ஏவி.எம். ஸ்டுடியோ கோடம்பாக்கம் போவதற்கு முன்னால் 1940களில் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. மெய்யப்பச் செட்டியார் படத்துக்கு வருவதற்கு முன் கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர். ரஸ்தா வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்ரஸர் என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் புரிய வைத்தது ஐயா மலேயாவிலிருந்து கொண்டுவந்த வால்வு ரேடியோ. மேலே பச்சைக் கண் எரியுமே, அந்த வகை. அந்தக் காலத்தில் பக்கத்திலிருக்கிற இலங்கை வானொலி பலமாக விழும், சிற்றலையில் சிங்கப்பூர் பிடித்தால் ஏறி இறங்கி மங்கலாக வரும். ஆனாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது சத்தம் அவ்வளவாக மாறாது. ரேடியோவைப் பழுது பார்க்க வந்த அண்ணன் ஒருவர், அறுபது வருஷமாக வால்வோடு இருப்பவர், அது ஏன் என்று ஒரு சின்ன ஒயரை வைத்துக் காட்டினார். "இந்த லைனத் தரைக்குச் சேத்துட்டுக் கேளுங்க தம்பி" என்றார். சேர்த்ததும் இலங்கை வானொலி கரகரவென்று உடைந்து அலறியது. ஒயரை எடுத்ததும் அடங்கியது. வரும் அலை எவ்வளவு பலமோ அவ்வளவு எதிர்மறை வோல்டேஜ் ஒன்று பின்னால் உண்டாகி, முன்னால் இருக்கிற ஈஎஃப்89 வால்வின் கிரிட்டுக்கு, அதாவது உள்ளே ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற கம்பிச் சுருளுக்கு, திரும்பி வந்து, "நீ கொஞ்சம் அடக்கி வாசி" என்று சொல்கிறது. கிரிட் வோல்டேஜுக்குத் தகுந்தாற்போலப் பெருக்கம் படிப்படியாகக் குறைகிற மாதிரி அந்த வால்வுக்குள் கிரிட் கம்பியைச் சீராகச் சுற்றாமல் சில இடத்தில் நெருக்கியும் சில இடத்தில் அகட்டியும் சுற்றியிருப்பார்கள். ஃபேர்சைல்டு 670 என்று புகழ்பெற்ற கம்ப்ரஸர் இருக்கிறதே, இருபது வால்வு, முப்பது கிலோ எடை, அதன் அடிப்படையும் இதுதான். நம் வீட்டு ரேடியோவுக்கு அது பெரியப்பா மகன்.

எல்ஏ-2ஏ அந்த வம்சம் இல்லை. இதில் வால்வுகள் நான்கே நான்கு: 12ஏஎக்ஸ்7 இரண்டு, 12பிஎச்7 ஒன்று, 6ஏக்யூ5 ஒன்று. இந்த நான்கில் எதுவும் சத்தத்தை அமுக்குவதில்லை. உள்ளே வருகிற ஒலி இன்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டியதும் ஒரு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வரும். அதைத் தாண்டிய இடத்திலிருந்து தரைக்கு ஒரு எல்.டி.ஆர். தெருவிளக்கைத் தானாக எரியவிடுகிற, பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் எல்லோரும் வைக்கிற, வெளிச்சம் பட்டால் தடை குறைகிற அதே காட்மியம் சல்பைடு சில்லுதான். இருட்டில் அதன் தடை மெகா ஓம் கணக்கில் இருக்கும், ஒலி தடையில்லாமல் போகும். வெளிச்சம் பட்டு அது 68 கிலோவுக்கு இறங்கினால், பின்னால் இருக்கிற சுமையைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒலி பாதியாகும், அதாவது 6 டெசிபல். ஏழரை கிலோவுக்கு இறங்கினால் 20 டெசிபல் போய்விடும். அமுக்கும் வேலை அவ்வளவுதான். அதன் பிறகு வருகிற 12ஏஎக்ஸ்7 குறைந்ததைப் பெருக்கிக் கொடுக்கிறது, 12பிஎச்7 அதை வெளியே தள்ளுகிறது.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் லாரன்ஸின் கெட்டிக்காரத்தனம். அமுக்கப்பட்ட ஒலியிலிருந்தே கொஞ்சத்தைப் பிரித்து, எவ்வளவு அமுக்க வேண்டும் என்று வைக்கிற பீக் ரிடக்ஷன் குமிழ் வழியாக இரண்டாவது 12ஏஎக்ஸ்7-க்குக் கொடுத்து, அங்கிருந்து 6ஏக்யூ5 பெரிதாக்கி, ஒரு சின்ன ஒளித்தகட்டுக்கு அனுப்புகிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே பாஸ்பர் பூசிய, பார்க்கப் போனால் ஒளிருகிற ஒரு கண்டன்சர் அது. மாறுமின்சாரம் கொடுத்தால் நீலப் பச்சையாக ஒளிரும், நேர்மின்சாரத்துக்கு ஒளிராது. ஒலி என்பதே மாறுமின்சாரம்தானே, ஆகவே ரெக்டிஃபையர் தேவையில்லை, திருத்தி நேராக்கி வடிகட்டுகிற எந்தச் சுற்றும் தேவையில்லை. நாதஸ்வரத்தின் ஒவ்வொரு அலையும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று அந்தத் தகட்டை மின்ன வைக்கிறது. எல்.டி.ஆருக்கு அவ்வளவு வேகமாகக் கண் சிமிட்டத் தெரியாது, அது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வெளிச்சமாக எடுத்துக்கொள்கிறது. நான் மூன்று நாள் தேடிய கண்டன்சர் இங்கேதான் இருந்தது, தாளில் வரைய முடியாத வடிவத்தில். வெளிச்சம் போன பிறகு காட்மியம் சல்பைடு தன் பழைய தடைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிற நேரம்தான் பெட்டியின் நேரம். முதல் பாதியை அது சுமார் 60 மில்லி செகண்டில் விட்டுவிடும், மீதிப் பாதியை விடப் பல செகண்டுகள் ஆகும். அதிலும் ரொம்ப நேரம் பலமான வெளிச்சத்தில் இருந்தால் இன்னும் மெதுவாக விடும், ஒரு மின்னல் மட்டும் பட்டிருந்தால் சட்டென்று விடும். பாட்டில் ஒரு சொல் ஓங்கி விழுந்தால் அடுத்த சொல்லுக்குள் பாதி திரும்பிவிடுகிறது, மீதி மெதுவாக வருவதால் பின்னணிச் சத்தம் பொங்கி எழுவது காதுக்குத் தெரிவதில்லை. இந்த இரட்டை வேகத்தை யாரும் கணக்குப் போட்டு வடிவமைக்கவில்லை, அந்தப் பொருளின் குணம் அது.

சர்க்யூட்டை நகலெடுத்தால் நமக்குக் கிடைப்பது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். பெட்டியை நகலெடுக்க வேண்டுமானால் அந்தச் சில்லின் மறதியை நகலெடுக்க வேண்டும்.

சாமான் சேர்த்த கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் பூட்டுகிற சாசிக்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் ஒரு மைக் செட் ஆம்ப்ளிஃபையரின் இரும்புக்கூடு கிடைத்தது. கதவு நிலை, எனாமல் பாத்திரம், ரவிவர்மா படங்களுக்கு நடுவே அது கிடந்தது. 12ஏஎக்ஸ்7-க்குக் கவலையில்லை, ஈசிசி83 என்று எழுதியிருந்தாலும் அதே வால்வுதான், இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். 6ஏக்யூ5-க்கு ஈஎல்90 என்று மறுபெயர். பவர் டிரான்ஸ்ஃபார்மரை மதுரையில் காயில் சுற்றுகிறவரிடம் கொடுத்தேன். நான்கு வால்வின் ஃபிலமென்ட்டும் சேர்ந்து 6.3 வோல்ட்டில் 1.65 ஆம்பியர் இழுக்கும், மூன்று ஆம்பியருக்குச் சுற்றச் சொன்னேன், இங்கே சாயங்காலம் ஆனால் கரண்ட் ஏறி இறங்குகிற லட்சணத்துக்கு அது வேண்டும். இன்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் அவரிடமே சுற்றிப் பார்த்தேன். பொறுமையாகச் சுற்றித் தந்தார், ஆனால் சாதாரணத் தகட்டில் அது நடக்காது. அடி சுரங்கள் மெலிந்து போயின. நிக்கல் கலந்த தகட்டில் செய்து கவசம் போட்டதை வாங்கினேன். செலவில் பாதி அது ஒன்றுக்கே. யாராவது கட்டப் போகிறீர்கள் என்றால் வால்வில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உள்ளே எச்.டி. என்கிற உயர் வோல்டேஜ் 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும், ஸ்விட்சை அணைத்த பிறகும் வடிகட்டிக் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டு வையுங்கள், அது தானாக வடித்துவிடும். வடிந்ததா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ரேடியோ அண்ணன் இந்த வயதிலும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கரண்ட் ஓடுகிற சாசிக்குள் கை வைப்பார். மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கக் கூடாது என்பதற்காக.

இப்போது அந்தச் சில்லு. எங்கள் பக்கத்து வீடுகளில் வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் இரட்டை அறைகள். வெளியறை வழியாகத்தான் உள்ளறைக்குப் போக முடியும், உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. பித்தளைச் சாமான், வெள்ளிச் சாமான், சீர் சாமான் எல்லாம் அடுக்கி வைத்திருந்த இடம். தேக்குக் கதவு இரண்டையும் சாத்தினால் பகல் பன்னிரண்டு மணிக்கும் கையை முகத்துக்கு நேரே பிடித்தால் தெரியாது. நூறு எல்.டி.ஆர். வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, முந்தின நாள் ராத்திரியே அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவேன். இந்தச் சில்லுகள் தாங்கள் பார்த்த வெளிச்சத்தை நினைவில் வைத்திருப்பவை. பகல் வெளிச்சத்திலிருந்து நேராக எடுத்து அளந்தால் ஒரு கணக்கு வரும், ராத்திரி முழுக்க இருட்டில் கிடந்ததை அளந்தால் வேறு கணக்கு வரும்.

கருப்பு ஃபிலிம் ரோல் டப்பாவின் மூடியில் தபால்தலை அளவுக்கு வெட்டிய ஒளித்தகடு, அதற்கு எதிரே எல்.டி.ஆர். அதன் வழியாக 68 கிலோவைச் சேர்த்து ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மறுபக்கம் வருவதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வேன். ஒளித்தகட்டுக்கு மூன்று செகண்டு மின்சாரம், பிறகு நிறுத்தம். திரையில் அந்த ஒலியின் உருவம் சட்டென்று ஒடுங்கி, பிறகு திரும்ப விரிவது அப்படியே தெரியும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது, அதன் எண்கள் மாறுவதற்குள் முதல் பாதி முடிந்துபோயிருக்கும். ஒரே உறையில் வந்த ஒரே மாடல் எண்ணுள்ள சில்லுகள்தான், ஆனால் ஒன்று கதவைத் திறந்துவிட்ட மாதிரி குதித்துத் திரும்பியது. இன்னொன்று பதினைந்து செகண்டு ஆகியும் முழுசாக வரவில்லை. இருபத்தாறாம் எண் என்று நினைக்கிறேன், அதில்தான் முதன்முதலாக அந்த உருவத்தைப் பார்த்தேன்: சரசரவென்று பாதி தூரம் ஏறி, அங்கே ஒரு முழங்கை போல மடங்கி, பிறகு மலைச்சரிவு மாதிரி மெதுவாக நீண்டுகொண்டே போனது. திரும்ப வைத்துப் பார்த்தேன், அதேதான். எழுந்து வெளியே வந்து முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நூறில் பதினொன்று தேறின. பெட்டிக்கு வேண்டியது இரண்டுதான், ஒன்று ஒலியை அமுக்க, இன்னொன்று எவ்வளவு அமுங்குகிறது என்று முள்ளுக்குக் காட்ட. அவை இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் முள் காட்டுவதை நம்பலாம்.

டப்பாவை ஒட்டி மூடுவதற்கு முன்னால் ஒருமுறை திறந்தே வைத்துக்கொண்டு, உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டு, போன வருஷக் கல்யாணத்தில் எடுத்த நாதஸ்வரப் பதிவை 6ஏக்யூ5 வழியாக ஓடவிட்டேன். சுத்தமான இருட்டில் தபால்தலை அளவு நீலப் பச்சை வெளிச்சம் தோடியை வாசித்தது. கமகத்துக்குத் துடித்தது, கார்வையில் நின்றது, மூச்சு எடுக்கிற இடத்தில் அணைந்தது. அந்த வெளிச்சத்தை யாருக்கும் காட்ட முடியாது, மூடி வைத்தால்தான் பெட்டி வேலை செய்யும் என்பது எனக்கு வருத்தம்தான்.

பிறகு ஹம். பெட்டியைக் கட்டி முடித்து ஆன் செய்ததும் தேனீக்கூடு மாதிரி ஒரு ரீங்காரம். இதில் முதலில் பார்க்க வேண்டியது அது 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்பதை. நூறு என்றால் எச்.டி. சரியாக வடிகட்டப்படவில்லை, ஐம்பது என்றால் ஃபிலமென்ட் ஒயரிலிருந்தோ டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்தோ நேராக வருகிறது. எனக்கு வந்தது ஐம்பது. இன்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஆணியைத் தளர்த்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்சுலேஷன் உள்ள குச்சியால் அதை மெல்ல மெல்லத் திருப்பினேன். பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்காகத் தொண்ணூறு டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் ரீங்காரம் அப்படியே அமிழ்ந்து போனது. அந்த இடத்தில் ஆணியை முறுக்கினேன். சாசி மேல் இப்போது அது கோணலாக உட்கார்ந்திருக்கிறது, இருக்கட்டும்.

முதல் நிஜப் பதிவில் வேறொரு பாடம். நாதஸ்வரமும் தவிலும் ஒரே மைக்கில். தவிலின் தொப்பியில் குச்சி விழுகிற ஒவ்வொரு அடிக்கும் நாதஸ்வரமும் சேர்ந்து அமுங்கியது. அடித்தளச் சத்தத்துக்குத்தான் பலம் அதிகம், ஒளித்தகடு அதற்குத்தான் அதிகம் பதில் சொல்கிறது. மூலச் சர்க்யூட்டிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆர்37 என்று ஒரு சின்னத் திருகு. எஃப்எம் ஒலிபரப்பில் மேல் சுரங்களைத் தூக்கி அனுப்புவதால், அவற்றைக் கூடுதலாகக் கவனிக்கட்டும் என்று லாரன்ஸ் வைத்தது. அதைத் திருப்பினால் வெளிச்சத்துக்குப் போகிற பாதையில் மட்டும் அடித்தளம் குறையும். ஒலி போகிற பாதையில் எதுவும் குறையாது. வானொலி நிலையத்துக்கு வைத்த திருகு தவிலுக்கு உதவியது. தொப்பி அடி முழுசாக விழுகிறது, நாதஸ்வரம் தன் இடத்தில் நிற்கிறது. ஸ்க்ரூ டிரைவரில் திருகுகிற அதை எடுத்துவிட்டு, என் பெட்டியில் முன்பக்கமே குமிழாக வைத்துவிட்டேன். மூலத்தை மாற்றிய ஒரே இடம் இதுதான்.

போன வாரம் அப்பத்தாவை ஊஞ்சலில் உட்கார வைத்துப் பதிவு செய்தேன். அவருக்கு எண்பத்தாறு. பீக் ரிடக்ஷனைப் பாதிக்குக் கீழே வைத்தேன், முள் மூன்று நான்கு டெசிபலுக்கு மேல் போகவில்லை. முடித்து ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "கொப்பாத்தா" என்று ஒரு வரி முடிகிற இடத்தில் குரல் இறங்கி, இறங்கி, ஆனால் போய்விடாமல் அங்கேயே இருந்தது. அதற்குப் பின்னால் அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னார். அதையும் முழுசாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"ஊஞ்சச் சங்கிலி கிரீச்சுங்குதேப்பா, எண்ணெ விடக் கூடாதா."

விட்டேன். மறுநாள் காலையில், குமிழ்களை எதையும் தொடாமல், முதல் வரியிலிருந்து திரும்பப் பாடினார்.